சென்னை – யாழ்ப்பாணம்: 356 கிலோமீட்டருக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

மாதவரம் லாரி ஆபீஸ் எழுதியது:

வணக்கம். மாதவரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். கிலோமீட்டரை மணியால் வகுப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. "திருச்சிக்கு எப்போ சேரும் அண்ணே?" என்று போனில் கேட்டால் காலண்டரைப் பார்க்காமலேயே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு ஒரு கணக்கு இடிக்கிறது.

என் மனைவிக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம் பக்கம் சுன்னாகம். மாமியார் கண்புரை ஆபரேஷனுக்காகச் சென்னை வந்திருக்கிறார். வயது 74. கண் சரியாகிவிட்டது, முழங்கால்தான் தகராறு. அடுத்த மாதம் அவரை நான்தான் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட வேண்டும். வந்தபோது கொழும்பு வழியாக வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ், அப்புறம் கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவில் காத்திருப்பு, அப்புறம் விமானம். வந்து இறங்கி இரண்டு நாள் காலை நீட்டிப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதனால் இந்தத் தடவை நேராகப் பலாலி, அதாவது யாழ்ப்பாணத்து விமான நிலையம்.

டிக்கெட் பார்க்கும்போதுதான் சந்தேகம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் வான்வழித் தூரம் ஒரு தளத்தில் 354 கி.மீ., இன்னொரு தளத்தில் 356 கி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். பயண நேரம் 1 மணி 15 நிமிடம். அதே சென்னையிலிருந்து கொழும்பு 647 கி.மீ. அதற்கு 1 மணி 20, 25 நிமிடம்தான்! கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம், ஆனால் பத்து நிமிடம்தான் கூடுதல். என் டிரைவர் எவனாவது இப்படி ஒரு கணக்கோடு வந்து நின்றால், வழியில் எங்கே வண்டியை ஓரங்கட்டித் தூங்கினாய் என்றுதான் கேட்பேன்.

கேள்விகள்:

இரண்டு தூரத்துக்கும் ஏன் கிட்டத்தட்ட ஒரே நேரம்?

354 சரியா, 356 சரியா? இரண்டு கிலோமீட்டர் எங்கே போனது?

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை மொத்தம் எத்தனை மணி நேரம் என்று மாமியாருக்குச் சொல்லலாம்? "தம்பி, எத்தனை மணிக்கு வீட்டை போவம்?" என்று தினமும் கேட்கிறார். மாத்திரை நேரம் அதை வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

---

சும்மா வந்தவன் எழுதியது:

அண்ணே, விமானம் மேப்பில் இருக்கிற மாதிரி நேர்கோட்டில் போகாது. வளைந்துதான் போகும், பூமி உருண்டை இல்லையா? அந்த வளைவில்தான் உங்கள் நேரம் போகிறது. மற்றபடி டோல்கேட் எதுவும் இல்லை. :)

---

மீனம்பாக்கம் பழையவர் எழுதியது:

வளைவு விஷயம் இங்கே பொருந்தாது தம்பி. சென்னையிலிருந்து அமெரிக்கா போனால் அது பெரிய விஷயம். யாழ்ப்பாணம் போக அது வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முப்பத்தோரு வருடம் விமானங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தேன். டிஸ்பாச் என்போம். எரிபொருள் எவ்வளவு, எந்த வழி, எந்த உயரம், இறங்க முடியாவிட்டால் எங்கே திருப்புவது, எல்லாம் எங்கள் மேசையில்தான் முடிவாகும். லாரி ஆபீஸ்காரருக்கு இது சட்டென்று புரியும். நாங்களும் உங்கள் ஜாதிதான்.

முதலில் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் இல்லை. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள் அல்லவா, அதை இங்கே எடுத்ததிலிருந்து அங்கே வைக்கும் வரை உள்ள நேரம். பிளாக் டைம் என்று பெயர். அதற்குள் ஓடுபாதை வரை உருண்டு போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, மேலே ஏறுவது, அங்கே இறங்குவதற்கு வரிசைக்கு வருவது, மறுபடி உருண்டு போய் நிற்பது எல்லாம் அடக்கம். உங்கள் லாரி செட்டிலிருந்து கிளம்பி மாதவரம் ரவுண்டானாவைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று யோசியுங்கள். பெங்களூருக்குப் போனாலும் அந்த நேரம்தான், பூந்தமல்லிக்குப் போனாலும் அந்த நேரம்தான். தூரம் குறைந்தால் அது குறையாது.

இரண்டாவது, வண்டியே வேறு. கொழும்புக்குப் போவது பெரும்பாலும் ஜெட். மணிக்கு 830 கி.மீ. அளவில் போகும். யாழ்ப்பாணத்துக்குப் போவது ஏடிஆர் 72. இரண்டு பக்கமும் விசிறி சுற்றும். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ.தான். பழைய ஆள் என்பதால் சொல்கிறேன், எனக்கு அந்த விமானம் ரொம்பப் பிடிக்கும். குட்டையான ஓடுபாதையிலும் இறங்கும், எரிபொருளும் கம்மி. ஆனால் வேகத்தை அதனிடம் கேட்கக் கூடாது.

நாங்கள் காகிதத்தின் ஓரத்தில் போடும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஜெட் என்றால் தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டு. ஏடிஆர் என்றால் 480ஆல் வகுத்து அரை மணி கூட்டு. போட்டுப் பாருங்கள்:

யாழ்ப்பாணம்: 356ஐ 480ஆல் வகுத்தால் 44 நிமிடம். அரை மணி கூட்டினால் 74. டிக்கெட்டில் 75.

கொழும்பு: 647ஐ 800ஆல் வகுத்தால் 48 நிமிடம். கூட்டினால் 78. கட்டுநாயக்க பெரிய நிலையம், உருண்டு போகும் தூரம் அதிகம், அதனால் இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்துப் போட்டிருப்பார்கள்.

சிங்கப்பூருக்குச் சுமார் 2,920 கி.மீ. வகுத்தால் 3 மணி 39 நிமிடம், அரை மணி கூட்டினால் 4 மணி 9 நிமிடம். டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள், நாலேகாலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். தில்லிக்கும் சரியாக வரும்.

இப்போது அந்த இரண்டு கிலோமீட்டர். இது எனக்குப் பிடித்த கேள்வி. பேனா எடுங்கள். மீனம்பாக்கத்தின் தீர்க்கரேகை கிழக்கே 80.17 பாகை. பலாலியின் தீர்க்கரேகை 80.07. அதாவது இரண்டும் ஒரே தூண் மேலும் கீழும் நிற்பதுபோல. சென்னையிலிருந்து நூல் பிடித்துத் தெற்கே இறக்கினால் பலாலி. இதனால்தான் வளைவு வேண்டாம் என்றேன். தெற்கு வடக்காகப் போகும் நேர்கோடே உருண்டையிலும் மிகக் குட்டையான வழி.

சென்னையின் அட்சரேகை 12 பாகை 59 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). பலாலி 9 பாகை 47 கலை. கழித்தால் 3 பாகை 12 கலை, அதாவது 192 கலை. ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். ஆக 192 கடல் மைல். 1.852ஆல் பெருக்கினால் 355 கி.மீ. சொச்சம். கணினி எதுவும் வேண்டாம், பள்ளிக்கூட அட்லஸ் போதும்.

பூமியைச் சரியான உருண்டை என்று வைத்துக் கணக்குப் போடும் தளத்தில் 356 வரும். பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை, நடுவில் கொஞ்சம் பருமன். அதையும் சேர்த்துப் போட்டால் நம் பக்கத்தில் ஒரு பாகை 111.2 இல்லை, 110.6 கி.மீ.தான். அதனால் 354. சரியானது 354தான். ஆனால் விமானம் இரண்டையும் பறக்காது. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிளம்பியதும் கடல் பக்கம் போய்த் திரும்பித்தான் தெற்கே பிடிக்க வேண்டும். பத்து இருபது கிலோமீட்டர் அதில் கூடும்.

போகும்போது வலப்பக்க ஜன்னல் வாங்குங்கள். ஏடிஆரில் இறக்கை தலைக்கு மேலே இருக்கும், அதனால் கீழே பார்க்க மறைப்பு குறைவு. மாமல்லபுரம் தாண்டியதும் கடல் மேல் போய்விடும், கரை முழுக்க வலப்பக்கம்தான். மதிய விமானம் என்றால் வெயில் முகத்தில் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோடியக்கரை மூக்கு வளைவது தெரிந்தால் அப்புறம் பாக் நீரிணை, அப்புறம் இறக்கம்தான்.

---

மாதவரம் லாரி ஆபீஸ் எழுதியது:

ஐயா, இந்த 480 கணக்கைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துவிட்டேன். திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போட்டேன், 53 நிமிடம் வந்தது. என் மனைவி, "சென்னைக்கு ஏன், நாம் திருச்சிக்கே குடி போயிருக்கலாம்" என்கிறார்.

ஒரு கேள்வி மிச்சம். போக, வர நேரம் மாறுமா? துபாய் போய் வந்த என் மச்சான் திரும்பும்போது சீக்கிரம் வந்துவிட்டேன் என்பான். பின்காற்று என்கிறான்.

---

மீனம்பாக்கம் பழையவர் எழுதியது:

மச்சான் சொல்வது சரி. அந்த வழியில், அதுவும் குளிர்காலத்தில், மேல்காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். வரும்போது முதுகில் தள்ளும். உங்களுடையது தெற்கு வடக்கு. காற்று கிழக்கிலிருந்து அடித்தாலும் மேற்கிலிருந்து அடித்தாலும் விலாவில்தான் படும். அதனால் போக வர அதிகம் மாறாது.

பின்காற்று என்றதும் எல்லோரும் மேல்காற்று எப்போதும் கிழக்கே போகும் என்று நினைக்கிறார்கள். நம் தலைக்கு மேலே ஆடி ஆவணியில் அது தலைகீழ். தென்மேற்குப் பருவக்காற்று கீழே வீசும்போது, மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெரிய ஓட்டம் இருக்கும். 1950களில் அதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் நம் வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம். பின்னாளில் அந்தத் துறைக்கே தலைவரானார். அந்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும் விமானத்துக்குத்தான் பின்காற்று, போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று. எரிபொருள் தாளில் அது பளிச்சென்று தெரியும். உங்கள் ஏடிஆர் அவ்வளவு உயரமே போகாது, கவலை வேண்டாம்.

நேரம் மாறுவது காற்றால் அல்ல, மழையால். கார்த்திகை மார்கழியில் போவதாக இருந்தால் மறுநாள் எந்த முக்கிய வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மேகம் தாழ்ந்துவிட்டால் மேலே சுற்றுவார்கள், இல்லை திருப்பிவிடுவார்கள்.

---

வலிகாமத்துப் பிள்ளை எழுதியது:

நான் பலாலிக்கு அருகில் இருக்கிறேன், வருடத்தில் இரண்டு மூன்று முறை சென்னை போய் வருகிறேன். அண்ணா, உங்கட மாமிக்காக எழுதுகிறேன்.

ஐயா சொன்ன கணக்கெல்லாம் வடிவாய் இருக்கு. ஆனால் 75 நிமிடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். இது வெளிநாட்டுப் பயணம். மூன்று மணித்தியாலம் முந்தியே மீனம்பாக்கத்தில் நிற்க வேணும். விமானம் சின்னது என்றாலும் குடிவரவு வரிசை சின்னதில்லை. சிங்கப்பூர்க்காரரும் துபாய்க்காரரும் அதே வரிசையில்தான் நிற்பார்கள். மாமி இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் பலாலியில் அவவுக்குப் பிரச்சினை இல்லை. உங்களுக்குத்தான் முன்கூட்டியே இணையத்தில் அனுமதி எடுக்க வேணும். அதை மறந்துபோட்டு வந்து நின்ற ஒருவரை என் கண்ணாலேயே பார்த்தேன்.

முழங்கால் வருத்தம் என்றபடியால் இதைக் கவனியுங்கோ. ஏடிஆரில் ஏறுவது பின்பக்கக் கதவால், வாலுக்குக் கிட்ட. கதவோடு சேர்ந்த ஒடுக்கமான படி ஐந்தாறு இருக்கும். பஸ்ஸில் கொண்டுபோய் விமானத்துக்குக் கிட்ட இறக்குவார்கள். சக்கர நாற்காலியைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே கேட்டுப் பதிந்து வையுங்கோ, அண்டைக்குப் போய்க் கேட்டால் இழுபடும். இருக்கையைப் பின் வரிசையில் எடுங்கோ, உள்ளே நடக்கிற தூரம் மிச்சம்.

பொதி விஷயத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு, விமானக் கம்பனியின் பெயர் வேண்டாம். போன வருடம் என் கைப்பையை நிறுத்துப் பார்த்து அறுநூறு கிராம் கூட என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு வாங்கின இரண்டு சேலையை எடுத்து உடுப்புக்கு மேலே போர்த்திக்கொண்டு ஏறினேன். சித்திரை வெயில்! தலைக்கு மேலே இருக்கிற தட்டும் சின்னது, பெரிய பெட்டி நுழையாது.

இங்கே இறங்கினால் எல்லாம் கெதியாய் முடியும். பலாலியில் இருந்து சுன்னாகம் பத்துக் கிலோமீற்றர் வரும், ஓட்டோவில் இருபது இருபத்தைந்து நிமிடம்.

உங்கட மாமியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கோ. ஏர் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் கிளம்பி, எங்கட காங்கேசன்துறையில் இறங்கித்தான் மதராசுக்குப் போனது. டக்கோட்டா விமானம். காங்கேசன்துறை என்று சொன்னாலும் இறங்கினது இந்தப் பலாலியில்தான். அந்தக் காலத்தில் ஓடின வழி பிறகு எத்தனையோ வருடம் அடைபட்டுக் கிடந்து, 2019இல்தான் திரும்பத் திறந்தது. அடுத்த வருடமே கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி ஓடத் தொடங்கியது. நாங்கள் கொழும்புக்கு எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் போய், அங்கே இருந்து திரும்ப எங்கட தலைக்கு மேலாலேயே சென்னைக்குப் பறந்த காலம் அது.

---

சும்மா வந்தவன் எழுதியது:

தலைக்கு மேலாலேயே... இது எனக்குத் தோன்றவே இல்லை. வளைவு பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கப்பல் ஒன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடுகிறதே, அது எப்படி?

---

வலிகாமத்துப் பிள்ளை எழுதியது:

2023 அக்டோபரில் தொடங்கினது. கடலில் நாலு மணித்தியாலம் அளவில். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். உங்களைப் போல ஆட்களுக்குச் சரி, 74 வயது முழங்காலுக்குச் சரிவராது. நாகப்பட்டினம் வரைக்கும் சென்னையில் இருந்து யார் கூட்டிப் போகிறது?

---

மாதவரம் லாரி ஆபீஸ் எழுதியது:

போய்ச் சேர்ந்து திரும்பியும் வந்துவிட்டேன். கணக்குக் கேட்டவன் கணக்குக் கொடுக்க வேண்டும். லாரி டிரிப் ஷீட் மாதிரியே நோட்டில் எழுதினேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி என்ன, கணக்கப்பிள்ளை வேலையோ?" என்று கேலி செய்துகொண்டே இருந்தார்.

மாதவரம் வீட்டுக் கதவு பூட்டியது காலை 9.40. மீனம்பாக்கம் 10.50. சாமான் போட்டு, குடிவரவு முடித்து உள்ளே உட்காரும்போது 12.15. சக்கர நாற்காலி இருந்ததால் எங்களைத் தனி வரிசையில் விட்டார்கள், இல்லாவிட்டால் இன்னும் அரை மணி. பஸ்ஸில் ஏற்றியது 1.25. கதவு மூடியது 1.52. வண்டி நகர்ந்தது 1.58. தரையை விட்டது 2.14. பதினாறு நிமிடம் தரையிலேயே! ஐயா சொன்ன மாதவரம் ரவுண்டானா இதுதான். பலாலியில் சக்கரம் பட்டது 3.03. நின்றது 3.07.

பறந்தது 49 நிமிடம். மொத்தம் 69 நிமிடம். கணக்கு 74 சொன்னது, டிக்கெட் 75 சொன்னது. ஆறு நிமிடம் முன்னதாக வந்ததற்கு என் டிரைவராக இருந்தால் டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

பெட்டி வந்து, வெளியே வந்து, ஓட்டோ பிடித்துச் சுன்னாகம் வீட்டுப் படலையைத் திறந்தது மாலை 4.25. வாசலிலிருந்து வாசல் 6 மணி 45 நிமிடம். வான்வழி 356, இரண்டு பக்கத் தரை சுமார் 38, ஆக 394 கி.மீ. வகுத்தால் சராசரி மணிக்கு 58. நான்குவழிச் சாலையில் கார் இதை விடக் கொஞ்சம் வேகமாகத்தான் போகும் என்று மனைவியிடம் சொன்னேன். நடுவில் கடல் இருக்கிறது என்றார்.

பின் வரிசை இருக்கை நல்ல யோசனை, நன்றி சகோதரி. படியில் மட்டும் இரண்டு பேர் கை கொடுத்தோம். கைப்பை எடை சரியாக இருந்தது, முறுக்கு டப்பாவை வீட்டிலேயே மளிகைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

வலப்பக்க ஜன்னலில் மாமியாரை உட்கார வைத்தேன். வெயில் அடித்தது, அவர் திரையை இறக்க விடவில்லை. ஆபரேஷன் செய்த கண்ணால் முதல் தடவையாக இவ்வளவு தூரம் பார்க்கிறார் போல. 2.45 இருக்கும், பச்சைத் தரை முடிந்து வெறும் நீலம் வந்தது. "இது வேதாரணியக் கரையோ?" என்றார். ஆமாம் என்றேன். 83 கடைசியில் தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து, அங்கிருந்து ரயிலில் சென்னை சேர மூன்று நாள் ஆனதாம், என் மனைவி அப்போது கைக்குழந்தை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் சீட் பெல்ட் விளக்கு எரிந்துவிட்டது. மிச்சக் கதையைச் சுன்னாகத்தில் ராத்திரி புட்டும் மீன் குழம்பும் சாப்பிடும்போதுதான் கேட்டேன்.

மாத்திரை 4.30க்குக் கொடுத்தேன்.